ஏழு மணி பத்து நிமிடத் தம்பதி

1

இந்தக் கதை என் அவசரத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு படத்துக்கு ஊர்க்காரர்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். படங்களுக்கு ஆள் கூட்டிக்கொடுப்பதுதான் என் வேலை. ஜப்பானில் இந்தக் கிதாக்யூஷுவுக்கு வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. இரும்பாலைத் தெருக்களைக் காட்ட விரும்புகிற இயக்குநர்கள் எல்லோரும் எப்படியோ என் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அறுபத்தெட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து வயதான கணவன் மனைவியாக இருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிஜக் கணவன் மனைவி தேவையில்லை, பார்க்க அப்படித் தெரிந்தால் போதும் என்றார்கள். அறுபதைத் தாண்டிய ஆண்கள் நால்வர். உயரம் சரியாக வந்தவர் ஒருவர்: நாகதோமி ஷிகேரு. பெண்களில் அதே மாதிரி ஒருவர்: யோனேமுரா தகாகோ. இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்து ஸ்டேப்ளர் அடித்தேன். ஐந்து நிமிட வேலை.

பதினோரு வருடத்துக்கு முன்புவரை இருவரும் நிஜமாகவே கணவன் மனைவி. அந்தத் தகவலுக்குத் தாளில் கட்டம் கிடையாது.

இதை எப்படி ஆரம்பிப்பது என்று பல தடவை எழுதிப் பார்த்தேன்.

"காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அந்த ஊரின் எல்லாக் கதவுகளும் ஒரே"

இது மிரட்டுகிற மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.

"அவரைப் பார்த்ததும் தகாகோவின் கையிலிருந்த"

கையில் ஒன்றும் இல்லை. எதுவும் விழவும் இல்லை. அதனால் ஸ்டேப்ளரிலிருந்தே தொடங்கிவிட்டேன்.

2

படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் புரியாது.

அது மெய்நிகர் விளையாட்டு ஒன்றுக்குள் நடக்கிற கதை. தலையில் கவசம் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு படுத்தால் வேறோர் ஊரில் கண் விழிக்கலாம். கதாநாயகியின் அண்ணன் அப்படி உள்ளே போனவன், எழுந்திருக்கவே இல்லை. அவனைத் தேடி அவள் போகிறாள். உள்ளே செத்துப்போனால் விளையாட்டு முதலிலிருந்து தொடங்கும். அதே தெரு, காலை ஏழு பத்து. ஒருவர் பால் பாட்டில் வைப்பார், ஒரு பெண் துணி உலர்த்துவாள், ஒரு கணவன் வேலைக்குக் கிளம்புவான், மனைவி சாப்பாட்டு மூட்டையைக் கொடுத்து வழியனுப்புவாள். இவர்கள் விளையாட வந்தவர்கள் கிடையாது. இயந்திரம் செய்துவைத்த ஆட்கள். ஆளுக்கு ஒரு வேலை, ஒரு வரி.

அந்தக் காலை படத்தில் ஒன்பது முறை வருகிறது. ஒன்பதும் மயிரிழை பிசகாமல் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதமாக இருந்தார். ஒரு தடவை எடுத்து ஒன்பது இடத்தில் ஒட்டிக்கொள்ளலாமே என்று உதவி இயக்குநர் ஹசுனுமாவிடம் கேட்டேன். முப்பது வயதுப் பெண். ஆறு நாளும் அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

"ஒவ்வொரு தடவையும் கேமரா வேற எடத்துல இருக்கும், பொன்னி-சான். கதாநாயகி பாக்குற கோணம் மாறும். மனுஷங்க மாறக் கூடாது" என்றார். (பெயருக்குப் பின்னால் வருகிற 'சான்' இங்கே மரியாதைக்கு ஒட்டுவது.)

கணவனின் வரி: "போயிட்டு வரேன்." மனைவியின் வரி: "பாத்துப் போயிட்டு வாங்க."

(ஜப்பானிய மொழியிலும் அது அப்படியேதான். 'போகிறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு வாசல் தாண்ட மாட்டார்கள். போய்விட்டு வருகிறேன் என்பார்கள். இந்தக் கதையில் நான் மொழிபெயர்க்கச் சிரமப்படாத வரி இது ஒன்றுதான்.)

3

அக்டோபர் கடைசி. யஹாதா மலைச்சரிவில் ஒரு படிக்கட்டுத் தெரு. உடை மாற்றும் கூடாரத்துக்கு வெளியே ஷிகேரு-சான் சாம்பல் நிற சூட்டில் நின்றுகொண்டிருந்தார். தகாகோ-சான் ஏப்ரனைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தார். ஷிகேரு-சானை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

"அட. உயிரோடதான் இருக்கீங்க."

"அப்படித்தான் தோணுது."

"சூட்டு நல்லாருக்கே. சொந்தமா?"

"இவங்க குடுத்தது."

"அதானே பாத்தேன்."

பழைய சிநேகிதர்கள் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். போதாததற்கு, "ரெண்டு பேருக்கும் ஜோடிப் பொருத்தம் பிரமாதம்" என்று வேறு சொல்லிவைத்தேன். இருவரும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள்.

மதியச் சாப்பாட்டின்போது தகாகோ-சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சோற்றின் நடுவிலிருந்த உப்புப் பிளம்ஸை எடுத்து மூடியில் ஒதுக்கி வைத்தார்.

"பொன்னி-சான், ஒரு விஷயம். அந்த ஆளு இருபத்தாறு வருஷம் எனக்குப் புருஷனா இருந்தாரு."

நான் விக்கிப்போனேன். தண்ணீர் குடித்துவிட்டு, "மன்னிச்சிருங்க. இப்பவே வேற ஆள மாத்திடறேன்" என்றேன்.

"எதுக்கு? விட்டுட்டுப் போனது அவரு. எடம் மாறுறது நானா?"

"அப்ப அவரை மாத்திடறேன்."

"அவரு மறுபடி தப்பிச்சுப் போக நீ வண்டி ஏற்பாடு பண்ணிக் குடுக்கறியா?"

ஷிகேரு-சானிடம் போனேன். லாரிக்குப் பின்னால் தனியாக நின்று பார்லி டீ குடித்துக்கொண்டிருந்தார். "அவங்களுக்குச் சரின்னா எனக்கும் சரி. வேண்டாம்னா வீட்டுக்குப் போயிடறேன். அவங்க எப்படிச் சொல்றாங்களோ அப்படி" என்றார். பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பி இரண்டு வருடமாம். அவர் வீடு வாகாமாட்சுவில், தகாகோ-சானின் வீடு எதிர்க்கரையில் தொபாதாவில். நடுவில் மூன்று நிமிடப் படகு. இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட எதிர்ப்படவில்லை.

நான் மாற்றியிருக்க வேண்டும். அவர்களாக வேண்டாம் என்று சொல்லவில்லையே என்பது சாக்கு. அன்று சாயங்காலம் பேருந்துக்குக் காத்திருந்தபோது நோட்டை எடுத்து, "விட்டுட்டுப் போனது அவரு, எடம் மாறுறது நானா" என்று எழுதிக்கொண்டேன். தேதியும் போட்டிருக்கிறேன். அவசரம் என்று மேலே சொன்னது பாதி உண்மை.

4

இங்கே ஒரு சிக்கல். ஜப்பானிய மொழியில் எதிரில் இருப்பவரைக் குறிக்கிற சொல்லே இல்லாமல் ஒரு நாள் முழுக்கப் பேசலாம். தமிழில் நடக்காது, வினைச்சொல்லின் வால் காட்டிக்கொடுத்துவிடும். தகாகோ-சான் பிரச்சினையில்லை. கணவரைக் குடும்பப் பெயர் சொல்லி, ஏதோ வங்கியில் எதிரில் உட்கார்ந்த ஆளைப்போல "நாகதோமி-சான்" என்றுதான் கூப்பிட்டார். அதற்கு 'நீங்க' போட்டுவிடலாம். ஷிகேரு-சான்தான் வழுக்கிக்கொண்டே இருந்தார். ஒருகாலத்தில் 'நீ' என்றவரை இப்போது 'நீங்க' என்பதா? இரண்டும் வாயில் வராமல், "சாப்பாடு ஆச்சா?", "குளிரா இருக்கோ?" என்றே நாளை ஓட்டினார். நம் ஊரில் புது மாப்பிள்ளையிடம் மாமனார் பேசுவது இப்படித்தான்.

ஐந்து நாளில் நூற்றுப் பதினான்கு முறை எடுத்தார்கள். கதவு திறக்கும். அவர் வருவார். காலணிக்குள் குதிகாலை நுழைப்பார். இவர் மூட்டையை நீட்டுவார். "போயிட்டு வரேன்." "பாத்துப் போயிட்டு வாங்க." அவர் ஏழு படி இறங்குவார். இவர் கதவைச் சாத்துவார்.

தகாகோ-சான் முதல் நாளிலிருந்தே கடிகாரம் மாதிரி. ஷிகேரு-சானுக்குத்தான் கை மாறிப்போகும்.

"இடது கை, நாகதோமி-சான்."

"இடதுதான் நீட்டினேன்."

"அது என் இடது. உங்க இடது அந்தப் பக்கம்."

விளக்குப் பிடிப்பவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் நாள், மூட்டையை வாங்கியவர் பழக்கதோஷத்தில் அதைத் தூக்கி எடை பார்த்தார். "என்ன பாக்கறீங்க? நான் சமைச்சதுன்னு நினைப்பா?" என்றார் தகாகோ-சான். அந்தக் காட்சியும் வீண்.

(இந்த இடத்தில் அவர் ஒரு நாள் மூட்டைக்குள் நிஜச் சாப்பாடு வைத்தார் என்று எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வைக்கவில்லை. ஆறு நாளும் உள்ளே இருந்தது மடித்த துண்டும் ஒரு தண்ணீர் பாட்டிலும்.)

5

ஷிகேரு-சான் என்கிற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. கதை என்றால் ஒருவர் பிரிந்துபோகக் காரணம் வேண்டும். நானே ஒன்று செய்து பார்த்தேன்.

"மாற்றலாகிப் போன ஊரில் அவருக்கு ஒரு"

இல்லை. அப்படி யாரும் இல்லை. கேட்டுவிட்டேன். இப்படியெல்லாம் கேட்கக் கூடாதுதான். நாலாம் நாள் இடைவேளையில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ரொம்ப நாளாக யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தவர் மாதிரி பேசினார்.

"ஆலையில சீபா பக்கம் மாத்தல் குடுத்தாங்க. மூணு வருஷம்னாங்க. முதல்ல மாசம் ஒருக்கா வீட்டுக்கு வந்தேன். ஒரு மாசம் காய்ச்சல், வர முடியல. அடுத்த மாசம் வந்தப்ப, ஏன் வரலன்னு திட்டு விழும்னு பயந்துக்கிட்டே கதவைத் திறந்தேன். அவ திட்டல. 'வேலை இருந்திருக்கும்'னா. அடுத்த மாசமும் நான் போகல. அதுக்கும் ஒண்ணும் சொல்லல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வராம இருக்கிறது ரொம்பச் சுலபமா இருந்துச்சு, பொன்னி-சான். இவ்ளோ சுலபமா இருக்கே, அப்ப இதுல என்ன இருக்குன்னு தோணிருச்சு. விவாகரத்துப் பேப்பர்ல முத்திரையைக் குத்தி அனுப்பிட்டேன். குழந்தை குட்டி இல்ல. கேக்க யாரும் இல்ல."

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எந்த வாசகர் ஒப்புக்கொள்வார்? ஆனாலும் இதைவிட நம்புகிற மாதிரி ஒன்றை என்னால் செய்ய முடியவில்லை.

அன்றே தகாகோ-சானிடம் சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் ஏப்ரன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கேட்டார். "திட்டினா வேலைக்கு நடுவுல தொந்தரவா இருக்கும்னு வாயை மூடிட்டு இருந்தேன். அது தப்பாப் போச்சா?" என்றார். கொஞ்சம் கழித்து, "நீ என்ன தபால்காரியா? இனிமே எதையும் கொண்டுவராதே" என்றார்.

6

ஆறாவது நாள் ஒரே ஒரு காட்சி.

படத்தின் எட்டாவது காலையில் இயந்திரம் தன் ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக அழிக்கத் தொடங்குகிறது. முதலில் போகிறவர் இந்தக் கணவர். மனைவி வழக்கம்போல வாசலுக்கு வருகிறார். மூட்டையை நீட்டுகிறார். யாருமில்லாத படிக்கட்டைப் பார்த்து அதே வரியைச் சொல்கிறார். அதைக் கதாநாயகி பார்த்துவிடுகிறாள். அதிலிருந்துதான் அவளுக்கு விஷயம் புரிய ஆரம்பிக்கிறது.

ஹசுனுமா விளக்கினார். தகாகோ-சான் கேட்டார்: "அவர் இல்லன்னு இவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. இவ ஒரு நிரல். இவளுக்கு இந்த வேலை மட்டும்தான் தெரியும்."

"சரி."

ஷிகேரு-சானுக்கு அன்று நடிப்பு இல்லை. ஆனால் தகாகோ-சானின் பார்வை சரியான உயரத்தில் விழ வேண்டும் என்று, கேமராவை ஒட்டி அவரை நிற்கவைத்தார்கள். அதாவது, இல்லாமல் போன கணவர் எங்கே இருந்திருப்பாரோ அங்கே.

முதல் தடவை சரியாக வரவில்லை. இரண்டாவது, மூன்றாவது. இயக்குநர் திரையைப் பார்த்தபடியே, "கண்ணு எதையோ பாக்குது" என்றார். நான்காவது. ஐந்தாவது. நூற்றுப் பதினான்கு முறை பிசகாத மனுஷி. ஹசுனுமா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். தகாகோ-சான் வாங்கவில்லை. மூட்டையைப் பிடித்தபடியே கேமராப் பக்கம் திரும்பினார்.

"நாகதோமி-சான், நீங்க அங்கிருந்து நகருங்க."

ஷிகேரு-சான் அசையவில்லை. தன்னைத்தானா என்பதுபோலப் பார்த்தார்.

"நீங்க நின்னா எனக்கு வர மாட்டேங்குது. ஆளில்லாத எடத்தைப் பாத்துச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்."

யாரோ சிரித்தார்கள். "தகாகோ-சான் பெரிய நடிகை ஆயிட்டாங்கப்பா" என்றார் ஹசுனுமா. அங்கே முப்பது பேர் இருந்தோம். இருபத்தேழு பேருக்கு அது வேடிக்கைப் பேச்சு. ஷிகேரு-சான் கையிலிருந்த தொப்பியைத் தலையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். லாரியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

அடுத்த தடவையே முடிந்தது. மற்ற நாட்களில் எப்படிச் சொன்னாரோ அப்படியேதான் சொன்னார். குரல் தழதழக்கவில்லை. சோறு வைத்துவிட்டோம், அடுத்து துணி துவைக்க வேண்டும் என்று நினைக்கிற ஒருவரின் காலை நேரக் குரல். நாலு நொடி கையை நீட்டியபடி நின்றார். உள்ளே போனார். கதவைச் சாத்தினார். எழுதுகிறவள் நான், ஒரு துளி கண்ணீராவது வைத்திருப்பேன். அவர் வைக்கவில்லை.

இயக்குநர் "ம்" என்றார். ஆறு நாளில் அவர் யாரையும் அதற்குமேல் பாராட்டியதில்லை.

7

மலையிலிருந்து இறங்கும் சிற்றுந்தில் தகாகோ-சான் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார், நான் அவருக்குப் பின்னால். ஷிகேரு-சான் எப்போதும் கடைசி வரிசைக்குப் போகிறவர். அன்று முன்னாலேயே, நடைபாதைக்கு அந்தப் பக்க இருக்கையில் உட்கார்ந்தார். வண்டி இரண்டு திருப்பம் இறங்கியதும் கேட்டார்.

"எவ்ளோ நாள் சொன்னே?"

(மரியாதையான பேச்சிலிருந்து சட்டென்று ஊர்ப்பேச்சுக்கு இறங்கிவிட்டார். அந்தத் துணிச்சலில்தான் நான் இங்கே 'நீ' போடுகிறேன்.)

"எதை?"

"காலையில. வாசலைப் பாத்து."

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"பேப்பர் வந்தப்புறமுமா?"

"பேப்பர் நீங்க போன பதினாலாவது மாசம் வந்துச்சு. கணக்கை நீங்களே போட்டுப் பாத்துக்குங்க."

அவர் முன்னாலிருந்த கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். அப்படியே கேட்டார்: "அப்புறம் நிறுத்திட்டியா?"

"பக்கத்து வீட்டுல பூனை வாங்கினாங்க. காலையில வெளிய கிளம்பும். அதுக்குச் சொல்ல ஆரம்பிச்சேன். அது சாயங்காலம் வந்துரும்."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. முதுகு மட்டும் லேசாக ஆடியது. அழுகிறாரா, வண்டி ஆடுகிறதா என்று பின்னாலிருந்து என்னால் சொல்ல முடியவில்லை.

"வளைவு வருது. கம்பியைக் கையால பிடிங்க" என்றார் தகாகோ-சான்.

8

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேன். தூத்துக்குடியில் இருக்கும் என் அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "ஐயோ, சேத்து வச்சிருடி. எழுதுறது நீதானே" என்றாள்.

சேர்த்துவைத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் படகேறி இந்தக் கரைக்கு வருகிறார். மணியை அழுத்துகிறார். தகாகோ-சான் கதவைத் திறந்து

என் தகாகோ-சான் அவ்வளவு சீக்கிரம் திறக்க மாட்டார். இரண்டு பக்கம் எழுதியும் கதவு திறக்கவில்லை. தூக்கிப்போட்டேன்.

இன்னொன்றில் ஷிகேரு-சானுக்கு நெஞ்சுவலி வரவழைத்தேன். எழுதுகிறவர்களுக்கு வழி தெரியாவிட்டால் கை தானாக மருத்துவமனைப் பக்கம் போகும். வெட்கப்பட்டு அடித்துவிட்டேன். மனிதர் திடமாக இருக்கிறார், தினம் கடலோரம் நடக்கிறார்.

அதனால் நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

9

மறுவருடம் நவம்பரில் படம் வந்தது. நடித்த ஊர்க்காரர்களுக்காகப் பேட்டை மன்றத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் போட்டுக் காட்டினோம். தகாகோ-சான் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஷிகேரு-சான் இரண்டு வரிசை முன்னால்.

தெரிந்தவர்களின் முதுகு வரும்போதெல்லாம் மன்றத்தில் கைதட்டல். "என் முதுகு இவ்ளோ அகலமா?" என்று தகாகோ-சான் என்னை இடித்தார். அவர்களுடைய காலை ஒன்பதில் ஆறு முறை வந்தது, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நொடி. எட்டாவது காலை வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். திரையில் சாத்தியிருந்த ஒரு கதவைக் காட்டினார்கள். கதாநாயகி அதைப் பார்த்தாள். காட்சி மாறிவிட்டது. அவர் நின்று சொன்ன அந்த நாலு நொடி படத்திலேயே இல்லை. நீளம் கருதி வெட்டிவிட்டதாக ஹசுனுமா பிறகு எழுதியிருந்தார்.

ஓரக்கண்ணால் பார்த்தேன். தகாகோ-சான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன் வரிசையில் ஷிகேரு-சான்தான் திரும்பிப் பார்த்தார். படம் முடியும்வரை இன்னும் இரண்டு முறை திரும்பினார்.

எல்லோரும் கலைந்தபின் நான் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அப்பால், சைக்கிள் நிறுத்துமிடத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். ஷிகேரு-சான்தான் முதலில் பேசினார். கொஞ்ச நேரம் பேசினார். தகாகோ-சான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தன் பங்குக்கு அவர் பேசினார், அது நீளம். ஷிகேரு-சான் கையைக் கட்டாமல், பையில் போடாமல், தொங்கவிட்டபடி நின்று கேட்டார். நடுவில் தகாகோ-சான் சுருட்டி வைத்திருந்த படத்தின் துண்டுப் பிரசுரத்தால் அவர் தோளில் ஒன்று வைத்தார். விளையாட்டு அடி மாதிரி இல்லை. அவர் நகரவில்லை.

அப்போது மன்றத்தின் சாவியை யாரிடம் கொடுப்பது என்று ஒருவர் வந்து கேட்டார். சொல்லிவிட்டுத் திரும்பினேன். சைக்கிள்கள் மட்டும் நின்றன.

நாலு நாள் கழித்துத் தகாகோ-சானைக் காய்கறிக் கடையில் பிடித்தேன். முள்ளங்கி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு என்ன பேசினீங்க?"

முள்ளங்கியைத் திரும்ப வைத்தார். "எழுதுறதுக்கா கேக்கறே?"

முதல் நாளிலிருந்து நான் அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"ஆமா" என்றேன்.

"அப்ப சொல்ல மாட்டேன்."

"எழுதலன்னா சொல்வீங்களா?"

"எழுதாம இருப்பியா?"

யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். கூடையோடு ஆட்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"மாட்டேன்."

தகாகோ-சான் வாய்விட்டுச் சிரித்தார். "பொய்கூடச் சொல்லத் தெரியல. சரி, அந்த வெங்காயத்தாள் கட்டை எடுத்துக் குடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அவர் பணம் கட்டும் வரிசைக்குப் போய்விட்டார்.

ஆக, இதன் முடிவு என்னிடம் இல்லை. செவ்வாய்க்கிழமை காலைகளில் தொபாதா நகராட்சி நீச்சல் குளத்தில், பச்சைத் தொப்பி போட்டு, நான்காவது தடத்தில் தகாகோ-சான் மெதுவாக நீந்திக்கொண்டிருப்பார். நீங்கள் அந்தப் பக்கம் போனால் கேட்டுப்பாருங்கள். நீங்கள் எழுதுகிறவர் இல்லை என்று அவருக்குப் பட்டால் சொல்லக்கூடும்.

சொன்னால், தயவுசெய்து என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.